மீன் தொட்டியை மொத்தமாகக் கழுவுகிறீர்களா? மீன்கள் சாக அதுவே காரணமாகலாம்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பல வீடுகளில் இதுதான் வேலை. மீன்களைப் பிடித்து பக்கெட்டில் விடுவது, தொட்டியைக் காலி செய்வது, கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது, புதுத் தண்ணீர் நிரப்புவது. தொட்டி பளிச்! ஆனால், இரண்டு நாளில் ஒரு மீன் மிதக்கும். ‘கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டார்’ என்று பழி அங்கே போகும். உண்மையில், பல நேரங்களில் மீனைக் கொல்வது இந்த அதீத சுத்தம்தான்.

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீரா?

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் அழுகும் தீவனத்திலிருந்தும் அது உருவாகிறது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் மீனைக் கொன்றுவிடும்.

இதைச் சமாளிப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை, நைட்ரைட்டை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அதிகமாகச் சேராமல் பார்த்துக்கொள்ளத்தான் தண்ணீர் மாற்றுகிறோம்.

இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால், அத்தனை நாள் உழைப்பும் சாக்கடைக்குப் போச்சு!

அப்போ, எவ்வளவு மாற்றலாம்?

வாரம் ஒருமுறை கால்வாசி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதில் 14 லிட்டரை மாற்றினால் போதும். டியூப் வைத்து அடியில் தேங்கிய கழிவோடு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து எடுக்கலாம். மருந்து, உப்பு போடாத தண்ணீர் என்றால் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் அதற்கு உரம்.

புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி-குளோரின் சொட்டு விட்டுத்தான் சேர்க்க வேண்டும். வெப்பநிலையும் தொட்டித் தண்ணீருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பல மாதங்கள் கவனிக்காமல் விட்ட தொட்டியா? ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காமல், சில நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே நல்லது.

யார் சொல்ல வேண்டும்?

நல்ல பராமரிப்பில் கோல்டுஃபிஷ் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அதை ஒரு மாதப் பொம்மையாக்குவது, ஃபில்டர்கூட இல்லாத சின்ன உருண்டைக் கிண்ணமும், ‘தொட்டியும் மீனும் இன்னைக்கே’ என்கிற அவசரமும்தான். சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளுக்குப் போகிறவர்கள், முதலில் தொட்டியை மட்டும் வாங்கி ஃபில்டரை ஓடவிட்டுத் தயார்படுத்த வேண்டும். மீன் அப்புறம். அதை எப்படிச் செய்வது என்று விற்கும்போதே சொல்வது கடைகளின் கடமை. ஒரு வியாபாரம் சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால், ‘செத்தா இன்னொன்னு வாங்கிக்கலாம்’ என்பதைத்தான் வீட்டிலிருக்கும் குழந்தை கற்றுக்கொள்ளும்.