போலி வாடகை விளம்பரம்: ஏமாறுவதற்குப் பேராசைதான் காரணமா?

வேளச்சேரியில் டபுள் பெட்ரூம் வீடு, ஃபர்னிச்சரோடு வாடகை 12 ஆயிரம். இப்படி ஒரு ஆன்லைன் விளம்பரத்தை நம்பி டோக்கன் அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்தவரிடம், ‘இவ்ளோ கம்மியா எவன் கொடுப்பான்? இதுகூடவா தெரியாது?’ என்று ஈஸியாகக் கேட்டுவிடுகிறோம்.

வாடகை மட்டுமா அவரை இழுத்தது? சென்னையில் வீடு தேடிப் பாருங்கள். ‘பேச்சுலரா? சாரி’, ‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா?’, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று பத்து ஓனர்கள் விரட்டிய பிறகு, எதையுமே கேட்காமல் ‘வீடு உங்களுக்குத்தான் தம்பி’ என்பவர் தெய்வமாகத் தெரிவார். அந்த நிம்மதியைத்தான் மோசடிக்காரர் காசாக்குகிறார்.

மற்றதெல்லாம் பழைய வித்தை. ராணுவத்தில் இருக்கிறேன், இப்போ வெளியூர் போஸ்டிங் என்பார். அடையாள அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் வரும். ‘இன்னும் மூணு பேர் கேக்குறாங்க’ என்று அவசரப்படுத்துவார். வீட்டு போட்டோக்கள் வேறு விளம்பரத்தில் சுட்டவையாக இருக்கும்.

வீட்டை நேரில் பார்த்து, ஈபி பில்லிலும் சொத்து வரி ரசீதிலும் ஓனர் பெயரைச் சரிபார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ‘ரீஃபண்ட் தர்றேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்றால் போனை வைத்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஓனர்களும் கொஞ்சம் யோசிக்கணும். சாதியும் சாப்பாடும் கேட்டு நீங்கள் கதவைச் சாத்தச் சாத்த, மோசடிக்காரருக்குத்தான் ஆள் சேருகிறது.