பேர்லினில் பார்க்க மறக்காதீர்கள்

கோடை விடுமுறைக்கு ஐசலினிலிருந்து ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர்லினில் உங்கள் குடும்பத்துக்கென்று வழிகாட்டி ஒருவரை அமர்த்தினால் பிரண்டன்பேர்க் வாயில், மதிலின் மிச்சம் எல்லாம் காட்டுவார். பிறீட்றிஸ்ராச புகையிரத நிலையத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

1983 ஆடிக் கலவரத்தின் பின் எங்கள் ஆட்கள் பலர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கினார்கள். கொம்யூனிச அரசு போக்குவரவு விசா கொடுத்தது. இந்த நிலையத்தில் றெயில் ஏறி மேற்கு பேர்லின் சென்று அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். மேற்கு ஜேர்மனி அதை நாட்டின் எல்லையாக ஏற்காததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சாவடி இல்லை. 1985 யூலையில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழரை விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒப்புக்கொண்டதோடு அந்த வழி அடைபட்டது.

நிலையத்தின் அருகே 1962இல் கட்டிய 'கண்ணீர் மாளிகை' இருக்கிறது. மேற்கே திரும்பும் உறவினரைக் கிழக்கில் இருந்தவர்கள் அழுது வழியனுப்பிய இடம். 2011 முதல் அது அரும்பொருளகம், அனுமதி இலவசம். தன் சனத்துக்குப் பூட்டிய கதவை அந்த அரசு எங்களுக்குத் திறந்துவிட்டது.

வழிகாட்டிக்கு இந்தக் கதை தெரியாமலிருக்கலாம். அந்த வழியால் வந்த மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் போகுமுன் கேட்டறிந்து செல்லுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லவேண்டியவர்கள் நீங்கள்தான்.