ஒற்றுமைக்கு மார்க்கு!

மனநோயாளி ஒருவர் குணமாகி வீட்டுக்கு வருகிறார். குடும்பத்துக்கே மகிழ்ச்சி. சில மாதம் போகிறது. மாத்திரையை நிறுத்திவிடுகிறார். தூக்கம் கெடுகிறது. மறுபடியும் ஆஸ்பத்திரி!

அமெரிக்காவில் மாடிசன் என்று ஒரு நகரம். அங்குள்ள மெண்டோட்டா அரசு மனநோய் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். 1970-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில், டாக்டர் லெனார்டு ஸ்டீன், மேரி ஆன் டெஸ்ட் முதலியோர் புது வழி கண்டார்கள். ஊழியர்களை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார்கள். சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல் எல்லாம் அங்கேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

டாக்டர், நர்சு, சமூக ஊழியர் எல்லோரும் ஒரே குழு. இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

பரவியதும் ஒரு சந்தேகம் வந்தது. பெயர்ப் பலகை மாட்டினால் குழு ஆகிவிடுமா? நாலு பேரும் நாலு திசையில் இழுத்தால்?

28 கேள்விகள்

இதைக் கண்டறிய 1998-ல் ஓர் அளவுகோல் வந்தது. மொத்தம் 28 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு. ஓர் ஊழியருக்குப் பத்து நோயாளிக்கு மேல் கூடாது. வாரத்தில் நாலு நாளாவது குழு கூடி, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசவேண்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இரண்டு வாரத்தில், நூற்றுக்கு 90 நோயாளிகளாவது ஒன்றுக்கு மேற்பட்ட ஊழியர்களை நேரில் பார்த்திருக்கவேண்டும். அப்போதுதான் முழு மார்க்கு!

ஏன் தெரியுமா? ஒரே நர்சு மட்டும் வந்துகொண்டிருந்தால், அவர் மாற்றலாகிப் போகும்போது நோயாளியின் கதையும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவரிடம் தாய் முதலிலிருந்து சொல்லி அழவேண்டும்.

நர்சு வாய் திறந்தாரா?

ஆனால் இந்த அளவுகோல் போதாது என்பேன். கூட்டம் நடந்ததா என்று எண்ணிவிடலாம். அங்கே நர்சு வாய் திறந்தாரா? டாக்டர் காது கொடுத்தாரா?

நோயாளி மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறார் என்று வையுங்கள். அது வீட்டுக்குப் போன நர்சுக்குத்தான் தெரியும். பெரிய டாக்டரிடம் சொல்ல அவர் பயந்தால் என்ன ஆகும்? மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்!

ஆகவே இன்னும் ஒரு கேள்வி வேண்டும். அதை ஊழியரிடம் கேட்கக்கூடாது. வீட்டில் இருக்கும் தாயிடம் கேட்கவேண்டும்:

"அம்மா! நர்சிடம் நீங்கள் சொன்னது டாக்டருக்குத் தெரிந்திருந்ததா?"