டீவி கேம் வாடகைக் கடை மூடப்பட்டது, வாடகை மூடப்படவில்லை

கடந்த மாதம் கற்பிட்டியிலிருந்து என் சகோதரியின் மகன் கண்டக்குழிக்கு வந்தான். தேநீர் குடித்து முடிக்குமுன்பே விடயத்துக்கு வந்துவிட்டான். "மாமா, ஆறு லட்சம் தாங்க. டவுன்ல கேம் சென்டர் ஒன்று போடப் போறன். மணித்தியாலக் கணக்கில் வாடகை. லாபத்தில் பாதி உங்களுக்கு" என்றான்.

உடனே பதில் சொல்லவில்லை. காரணம், முப்பது வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் இதே வியாபாரத்தை நானே செய்திருக்கிறேன். அதில் உழைத்ததும் உண்டு, வெட்கப்பட்டதும் உண்டு. மருமகனுக்குச் சொன்ன பதிலை, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காக இப்படியான தொழில்களில் முதல் போட யோசிக்கும் ஏனைய வியாபாரச் சகோதரர்களுக்கும் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறேன்.

கொப்பி இருந்த காலம்

1993 இல் வாப்பாவின் பலசரக்குக் கடையோடு ஒட்டிய சிறிய அறையில் அந்தக் கடையைத் தொடங்கினேன். பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டீவி கேம் இரண்டு, கெசட் பதினைந்து. இவ்வளவுதான் முதல். ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி 1983 இல் வெளியிட்ட இயந்திரத்தின் மலிவான பிரதிகளே அவை என்பது அப்போது எமக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு அது "டீவி கேம்", அவ்வளவுதான். மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வராத காலம். சில வீடுகளுக்கு டீவி கேமோடு பற்றரியையும் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பக்கத்திலிருக்கும் நுரைச்சோலையில் 2011 இல் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, அந்தப் பற்றரிப் பாரம்தான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

கணக்கு மிக எளிது. ஒரு கெசட் 350 ரூபா. ஒரு நாள் வாடகை 15 ரூபா. இருபத்து நான்காவது வாடகையிலிருந்து வருவது இலாபம். நல்ல கெசட் ஒன்று வருடக்கணக்கில் ஓடும். மாரியோவும் கொன்ட்ராவும் எனக்குப் போட்ட முதலைப் பல மடங்காகத் திருப்பித் தந்தன. கெசட்டின் மேல் "9999 விளையாட்டுகள்" என்று அச்சடித்து ஒரு வகை வந்தது. ஊர்ப் பையன்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது ஏழெட்டு விளையாட்டுத்தான். மீதியெல்லாம் அதே விளையாட்டு வேறு இடத்திலிருந்து தொடங்குவது. இலக்கத்தைப் பெரிதாக்கிச் சரக்கை விற்கலாம், ஆனால் இரண்டாம் முறை விற்க முடியாது என்பதை அந்தப் பையன்களிடம்தான் படித்தேன்.

அந்த அறைக்கு வந்தவர்கள் யார்? கடல் தொழிலாளர்களின் பிள்ளைகள். தென்னந்தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எமது கற்பிட்டிக் குடாநாட்டில் ஓலைக் கொட்டில்களில் தங்கியிருந்த சகோதரர்களின் பிள்ளைகள். இவர்களில் ஒரு வீட்டாருக்கும் டீவி கேம் வாங்க வசதி கிடையாது. ஆனால் எல்லோருமே விளையாடினார்கள். ஒரு வீடு வாங்க முடியாததை நாற்பது வீடுகள் சேர்ந்து பாவிக்கச் செய்வதுதான் வாடகை வியாபாரத்தின் பரக்கத். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது வாடகையைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். கடல் அடங்கி மீன்பாடு வந்ததும் தந்துவிடுவார்கள். பெயர், கெசட், திகதி. இதைத் தவிர வேறு பிணை எதுவும் நான் வாங்கியதில்லை. பதின்மூன்று வருடங்களில் திரும்பி வராத கெசட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு பிழைகள்

பழைய காலம் என்றால் எல்லாமே தங்கம் என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுத மாட்டேன்.

ஒரு பையன் மூன்று நாட்கள் தொடர்ந்து நூறு ரூபாத் தாளோடு வந்தான். அக்காலத்தில் நூறு ரூபா ஒரு பிள்ளையின் கையில் இருக்கக்கூடிய காசல்ல. நான் கேட்கவில்லை. வாங்கி லாச்சியில் போட்டேன். நான்காம் நாள் அவனுடைய வாப்பா வந்தார். சத்தம் போடவில்லை. "நானா, அது வலைக்கு நூல் வாங்க வெச்ச சல்லி" என்று மட்டும் சொன்னார். முந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன். அவர் கொடுத்த ஸலாத்துக்குப் பதில் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து கடையில் ஒரு சட்டம் போட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபாவுக்கு மேல் விளையாட்டு இல்லை. பாடசாலை நேரத்தில் கதவு திறப்பதில்லை. எந்தத் தகப்பனும் வந்து கொப்பியைப் பார்க்கலாம். வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் தாய்மார் பிள்ளைகளைப் பயமின்றி அனுப்பினார்கள்.

இரண்டாவது பிழை பெரியது. நான் வாடகைக்கு விட்ட கெசட்டுகளும், பின்னர் வந்த பிளேஸ்டேஷன் சீடிகளும் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள். அப்போது கேட்டிருந்தால் "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லியிருப்பேன். எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிகழ்ச்சிகளை வாடகைக்கு விடும் உரிமையையும் அதைப் படைத்தவருக்கே கொடுத்திருக்கிறது. அதற்கு முன்பே, 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, படைப்பவரின் உரிமையும் கண்டுபிடிப்பவரின் உரிமையும் பாதுகாக்கப்பட்ட சொத்து, அதில் கைவைக்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. 2006 இல் கடையை மூடினேன். வீடுகளுக்குக் கணினி வந்து வியாபாரம் படுத்ததும் ஒரு காரணம், மனம் உறுத்தியதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று இன்று நல்ல பிள்ளையாக நடிக்க விரும்பவில்லை.

கம்பி செய்த வேலை

இனி உலகக் கணக்குக்கு வருவோம். நடுவில் ஒரு வாடகைக் கடைக்காரன் இருப்பதை விளையாட்டுக் கம்பனிகள் ஒருநாளும் விரும்பியதில்லை. ஒரு பிரதியை விற்ற காசு மட்டும்தான் கம்பனிக்கு, அதை நூறு முறை வாடகைக்கு விட்ட காசு கடைக்கு என்பது அவர்களுடைய மனக்குறை. ஜப்பானில் உரிமையாளரின் அனுமதியின்றி விளையாட்டுகளை வாடகைக்கு விட முடியாது. அமெரிக்காவில் பிளொக்பஸ்டர் என்ற பெரிய வாடகைக் கடைக் கம்பனி, விளையாட்டோடு வரும் கையேட்டைப் பிரதி எடுத்துக் கொடுத்ததற்காக 1980களின் கடைசியில் நின்டெண்டோ அதன் மீது வழக்குப் போட்டது. ஆனால் 1990 இல் அங்கே வந்த சட்டம் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தபோதும், டீவி கேம் கெசட்டுகளுக்கு விலக்கு அளித்தது. கடைகள் தப்பின.

சட்டத்தால் முடியாததை இணையக் கம்பி செய்து முடித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 9,000 கடைகள் வைத்திருந்த பிளொக்பஸ்டர் 2010 இல் முறிந்து விழுந்தது. நடுவிலிருந்த கடைக்காரன் போனதும், வாடகைக்கு விடும் வேலையைக் கம்பனிகள் தாங்களே எடுத்துக்கொண்டன. மைக்ரோசொப்ட் 2017 இல் "கேம் பாஸ்" என்று தொடங்கியது. அப்போது மாதம் 9.99 டொலர் கட்டினால் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் கிடைத்தன. சோனியும் 2022 இல் தன் "பிளேஸ்டேஷன் பிளஸ்" திட்டத்தை அதே வழியில் விரிவாக்கியது. இயந்திரமே இல்லாமல் தூரத்துக் கணினியில் ஓடும் விளையாட்டை இணையம் வழியாக விளையாடும் முறையும் வந்துவிட்டது.

வியாபாரிகளே, இதற்குப் பெயர் என்ன? நான் பதினைந்து ரூபாவுக்குச் செய்த அதே வாடகைதான். வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. பிரதி எடுத்த பாவமும் இல்லை. ஆனால் வாடகை போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது. கண்டக்குழியில் சுற்றிய காசு, டொலராக மாறி வெளியே போகிறது. விலையைத் தீர்மானிப்பதும் அவர்களே. கேம் பாஸின் உயர்தரப் பிரிவு 2025 ஒக்டோபரில் ஒரே பாய்ச்சலில் 19.99 டொலரிலிருந்து 29.99 டொலரானது. அவர்கள் விலையை உயர்த்தாவிட்டாலும் எங்கள் ரூபா விழுந்தால் போதும். 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பத்து டொலர் வாடகை 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவானது. கடல் கொந்தளித்தால் கொப்பியில் எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. காசு வரவில்லையென்றால் கதவு தானாக மூடும்.

விற்பனையா, வாடகையா?

இதைவிடக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. வாடகை என்று சொல்லி வாடகை வாங்குவதில் பிழையில்லை. "வாங்கு" என்ற பொத்தானைக் காட்டி, விலையையும் வாங்கிவிட்டு, கொடுப்பது வாடகையாக இருந்தால்?

பிரான்ஸின் யுபிசொப்ட் கம்பனி 2014 இல் "த க்ரூ" என்ற கார் ஓட்ட விளையாட்டை விற்றது. 2024 மார்ச் 31 இல் அதற்கான சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவரின் கையில் தட்டு இருந்தும் விளையாட முடியாமல் போனது. இப்படியான முறைப்பாடுகள் பெருகியதால், கலிபோர்னியா மாநிலம் 2024 இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி முதல், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பாவனை அனுமதி மாத்திரமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று விளம்பரம் செய்ய முடியாது.

எமது முன்னோரின் கொடுக்கல் வாங்கல் சட்டத்தில் இது புதிய விடயமே அல்ல. விற்பனை என்றால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாக வேண்டும். வாடகை, அதாவது இஜாரா என்றால் பயன் மட்டும் கைமாறும், காலமும் கூலியும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். விற்பனை என்று பெயர், எப்போது பறிபோகும் என்று தெரியாது என்றால் அது இரண்டிலும் சேராது. எங்களில் சிலர் போன் விற்கிறோம், சந்தா விற்கிறோம், மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று வாய் திறந்து சொல்கிறோமா?

"இலவசம்" என்ற பெயரில்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த மாதச் சந்தாவும் எட்டாது. அவர்களுக்கு இருப்பது போனில் வரும் இலவச விளையாட்டு. 2017 இல் வந்த ஃப்ரீ ஃபயர், 2018 இல் போனுக்கு வந்த பப்ஜி போன்றவை. உள்ளே நுழைய ஒரு சதமும் வேண்டாம். நுழைந்த பிறகு உடுப்புக்கும் ஆயுதத்தின் அலங்காரத்துக்கும் "டயமன்ட்" வாங்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஆயிரம் ரூபாவோடு கொமியூனிகேஷனுக்கு வந்து ரீலோட் கேட்கிறான். எங்களில் எத்தனை பேர், "மகன், இது யார்ட சல்லி?" என்று கேட்கிறோம்?

சீன அரசாங்கம் 2021 இல், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு என்று கட்டளையிட்டது. அவ்வளவு பெரிய அரசாங்கம் கட்டளை போட்டுச் செய்ய முயன்றதை, ஒரு காலத்தில் கிராமத்துக் கடைக்காரன் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு செய்தான். செய்யாதபோது வலை நூல் காசு போனது. பிள்ளையின் முகம் தெரிந்த ஒருவர் கல்லாவில் இருப்பதுதான் நாம் இழந்த விடயம். கெசட்டை நினைத்து நான் ஏங்கவில்லை. அந்தக் கல்லாவை நினைத்தே ஏங்குகிறேன். ரீலோட் போடும் சகோதரர்களே, அந்தக் கல்லாவில் இன்று இருப்பது நீங்கள்தான்.

மருமகனுக்குச் சொன்ன பதில்

முதலாவதாக, "மகன், நீ சொல்லும் அந்தச் சந்தாக் கணக்குகள் சொந்தப் பாவனைக்கு மட்டும் தரப்படுபவை, வியாபாரத்துக்கு அல்ல. நிபந்தனையை வாசித்துப் பார். கம்பனி ஒருநாள் கணக்கை மூடினால் உன் கடையும் மூடும். அடுத்தவன் காணியில் உறுதி இல்லாமல் வீடு கட்டாதே" என்றேன்.

இரண்டாவதாக, வாடகை வியாபாரத்தை விடச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்டக்குழியிலும் குடாவவிலும் காற்றுக் காலத்தில் பட்டச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவருக்குப் பட்டமும் பலகையும் வாடகைக்குப் போகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருபவர்களுக்கு வள்ளங்கள் வாடகைக்குப் போகின்றன. கல்யாண வீட்டுக்குக் கதிரை, கூடாரம், ஜெனரேட்டர், பெரிய திரை, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைதான். இவற்றில் ஒன்றையாவது கம்பி வழியாக அனுப்ப முடியுமா? கையால் தூக்கி, வண்டியில் ஏற்றி, இடத்தில் இறக்க வேண்டிய பொருள் இருக்கும்வரை உள்ளூர் வாடகைக்காரனுக்குச் சோறு உண்டு. கம்பியில் போகக்கூடிய பொருளுக்குக் கம்பிக்காரன்தான் முதலாளி.

மூன்றாவதாக, ஆறு லட்சம் தர மாட்டேன், மூன்று லட்சம் தருகிறேன் என்றேன். பெரிய திரை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் என்று தொடங்கட்டும். முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பினான். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வந்தால் காசோடு ஒரு புதுக் கொப்பியும் கொடுப்பதாக இருக்கிறேன். முதல் பக்கத்தில் என் கையால் மூன்று வரி எழுதிக் கொடுப்பேன். சொந்தமில்லாததை வாடகைக்கு விடாதே. வாடகையை விற்பனை என்று சொல்லாதே. சிறு பிள்ளையின் கையில் பெரிய தாளைக் கண்டால், கேட்காமல் வாங்காதே.

வியாபாரச் சகோதரர்களே, இம்மூன்றும் வாடகைக் கடைக்கு மட்டும் உரியவையா என்று நீங்களும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.