ஸ்மார்ட் போர்டு வாங்கியாச்சு... பாடம் நடத்துவது எப்படி? கல்லூரி பேராசிரியர்கள் திண்டாட்டம்!

கல்லூரி வகுப்பறைகளில் சாக்பீஸ் பிடித்த கைகள் இப்போது ரிமோட் பிடிக்கின்றன. சுவரில் ஸ்மார்ட் போர்டு தொங்குகிறது. மாணவ-மாணவிகள் கையில் லேப்டாப். எல்லாம் வந்தாச்சு. ஆனால் எந்த பாடத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பேராசிரியர்களுக்கு எடுத்துச்சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்த சிக்கல் கொரோனா காலத்திலேயே வெட்டவெளிச்சம் ஆகிவிட்டது. 2020 மார்ச் மாதம் கல்லூரிகள் மூடப்பட்டதும் எல்லோரும் கூகுள் மீட், ஜூம் பக்கம் ஓடினார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்களுக்கு தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசமாக தரப்படும் என்று அன்றைய தமிழக அரசு அறிவித்தது. டேட்டா வந்தது. பாடம் நடத்திய விதம் மாறவில்லை. வகுப்பில் 1 மணி நேரம் பேசியதையே செல்போன் முன்பு 1 மணி நேரம் பேசினார்கள். மாணவர்களோ கேமராவை ஆப் செய்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள்.

அடுத்து 2025 மார்ச் பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பு வெளியானது. நல்ல விஷயம்தான். ஆனால் மாணவன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தால், வாத்தியார் அவனை அதை திறக்க சொல்வதா, மூட சொல்வதா?

லண்டனில் 90 நிமிடம்

இதற்கு வெளிநாட்டில் ஒரு வழி கண்டுபிடித்து இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2015-ம் ஆண்டு 'ஏ.பி.சி.' என்ற பயிற்சி முறை உருவாக்கப்பட்டது. இதில் கம்ப்யூட்டரே முதலில் வராது. ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றாக ஒரு மேஜையை சுற்றி உட்கார்வார்கள். அவர்களிடம் 6 வகை கார்டுகள் தரப்படும். கேட்டு, படித்து அறிவது, தேடி கண்டுபிடிப்பது, விவாதிப்பது, பயிற்சி செய்வது, கூட்டாக வேலை செய்வது, சொந்தமாக ஒன்றை உருவாக்குவது என 6 விதமான கற்றலுக்கு 6 கார்டு. இந்த வாரம் எந்த கார்டு, அடுத்த வாரம் எந்த கார்டு என்று வரிசையாக அடுக்குவார்கள். அதன்பிறகுதான் அதற்கு என்ன சாப்ட்வேர் வேண்டும் என்ற பேச்சே வரும். மொத்தமே 90 நிமிடம்.

நம்ம ஊரிலோ தலைகீழ். முதலில் டெண்டர், பிறகு திறப்பு விழா, கடைசியில்தான் வாத்தியார்!

கலர் அட்டை போதும்

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும். வகுப்பு நடுவில் ஒரு கேள்வி கேட்பார். மாணவர்கள் தனித்தனியாக பதிலை தேர்வு செய்வார்கள். பெரும்பாலானோர் சரியாக சொன்னால் பாடம் மேலே போகும். பாதிக்கு பாதி தப்பு என்றால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க சொல்வார். பிறகு மறுபடியும் ஓட்டெடுப்பு.

பி.காம். வகுப்பில் இதை நாளைக்கே செய்யலாம். ஒரு கம்பெனி செக் கொடுத்துவிட்டது, வாங்கியவர் இன்னும் பேங்கில் போடவில்லை. கேஷ் புக் இருப்பைவிட பாஸ் புக் இருப்பு கூடுமா, குறையுமா? கூடும் என்பதே சரி. 'குறையும்' என்று கை தூக்குபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாலே, பாடம் மண்டையில் ஏறியதா என்பது தெரிந்துவிடும்.

ஓட்டு போட 'கிளிக்கர்' என்ற கருவி விற்கிறார்கள். ஆனால் கருவிக்கு பதில் அட்டையை தூக்கி காட்டினாலும் மாணவர்கள் கற்றுக்கொள்வதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2008-ல் வெளியான கனடா ஆய்வு சொன்னது. அட்டை செலவு எவ்வளவு, கருவி செலவு எவ்வளவு என்று கல்லூரி நிர்வாகங்கள் கணக்கு போட்டுக்கொள்ளலாம்.

இது சும்மா விளையாட்டு அல்ல. 225 ஆய்வுகளை சேர்த்து அலசி 2014-ல் வெளியான அமெரிக்க அறிக்கைப்படி, மாணவர்களை ஈடுபடுத்தும் வகுப்புகளில் பெயில் ஆனவர்கள் சுமார் 22 சதவீதம். வெறும் லெக்சர் வகுப்புகளில் சுமார் 34 சதவீதம். அந்த ஆய்வுகள் அறிவியல், என்ஜினீயரிங், கணித வகுப்புகளில் நடந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் இலக்கிய வகுப்புக்கும் அப்படியே பொருந்தும் என்று யாரும் அடித்துச்சொல்ல முடியாது.

கருவி உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. வேதியியல் லேபுக்கு போகும் முன்பு மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்' தளத்தில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு போனால், பியூரெட்டை கையில் எடுக்கும்போது மாணவன் முழிக்க மாட்டான். அதற்காக லேபையே மூடிவிட முடியாது. கை நடுங்காமல் துளித்துளியாக விடுவது திரையில் வராது.

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்களும், 2017-ல் தொடங்கிய 'சுவயம்' தளமும் இருக்கின்றன. 2016-ல் 20 சதவீதமாக இருந்த ஆன்லைன் பாட வரம்பை 2021-ல் யு.ஜி.சி. 40 சதவீதமாக உயர்த்தியது. ஆங்கில வீடியோவை பார்த்து, தமிழ் மீடியத்தில் இருந்து வந்த பிள்ளை தனியாக என்ன புரிந்துகொள்ளும்? வீடியோவை வீட்டில் பார், சந்தேகத்தை வகுப்பில் கேள் என்று வாத்தியார் துணை நின்றால்தான் அது உருப்படும்.

இன்னொரு பக்கம், 2022 நவம்பரில் சாட்ஜி.பி.டி. வந்ததில் இருந்து வீட்டுக்கு கொடுக்கும் அசைன்மென்ட் கதையே மாறிவிட்டது. எழுதியது மாணவனா, மிஷினா? எழுதியதை வகுப்பில் 5 நிமிடம் வாயால் விளக்க சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஆனால் 60 பேருக்கு 5 நிமிடம் என்றால் 5 மணி நேரம். அந்த நேரத்தை டைம்டேபிளில் யார் தருவது?

பயிற்சி இல்லாமல் இல்லை. 2023-ல் 'மாளவியா மிஷன்' என்ற பெயரில் ஆசிரியர் பயிற்சி திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஆனால் புத்தாக்க பயிற்சி என்றாலே பதவி உயர்வுக்கு தேவையான சர்டிபிகேட் என்ற நினைப்பு பலரிடம் ஊறிப்போய் இருக்கிறது. அரசு கலைக்கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கவுரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு அந்த பதவி உயர்வும் கிடையாது. வேலை நிரந்தரமா என்பதே தெரியாதவர், ஸ்மார்ட் போர்டில் புதுமுறை கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

கொள்முதல் கமிட்டி கூடும்போது, அந்த போர்டின் முன்பு நிற்கப்போகும் இவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து கேட்பதற்கு அரசாணை எதுவும் தேவை இல்லை. பிரின்சிபால் மனது வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே நடக்கும்.