தோழமை சரி, கூலி எங்கே?

ஏப்ரல் 14 வருகிறது என்றால் நம் தெருக்களில் ஒரு மாதத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நோட்டீஸ் அடிப்போம், சிலைக்குப் பெயிண்ட் பூசுவோம், பிளக்ஸுக்கும் மைக்செட்டுக்கும் அட்வான்ஸ் கொடுப்போம். சாயங்காலம் ஒரு நாடகம் போட்டால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொல்வார்கள். உடனே ஒரு நாடகக் குழுவுக்குப் போன் போகும். "நம்ம ப்ரோக்ராம் தோழர், நீங்க வரணும்." வேன் வாடகை, சாப்பாடு இரண்டோடு பேச்சு முடிந்துவிடும்.

விழா முடிந்ததும் கணக்கு பாருங்கள். பிளக்ஸ்காரருக்குப் பணம் போயிருக்கும். மைக்செட், பந்தல், பிரியாணி, மாலை எல்லாவற்றுக்கும் போயிருக்கும். அந்த நாடகத்தை மேடையேற்ற மூன்று நான்கு வாரம் ஓடிய ஸ்டேஜ் மேனேஜருக்கு ஒரு பொன்னாடை போயிருக்கும். சில இடங்களில் அதுவும் இயக்குநரோடு நின்றுவிடும்.

இது ஒருவரின் மனக்குறை அல்ல. நாம் பேசும் அரசியலுக்கே நேர் எதிரான காரியம் நம் மேடையின் பின்பக்கத்தில் நடக்கிறது. அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டேஜ் மேனேஜர் என்றால் திரை இழுப்பவர் என்று நினைக்கிற தோழர்களுக்காக முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகைக்கு இடம் பிடிப்பது, பத்து நடிகர்களின் நேரத்தை ஒன்றாகச் சேர்ப்பது, எந்தக் காட்சியில் எந்தப் பொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது, எந்த வசனத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும், எங்கே பறை நிற்க வேண்டும் என்று குறித்து வைப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசி நடிகர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிப்பது எல்லாம் அவர் வேலை. நம் நாடகம் என்றால் இன்னொன்றும் சேரும். காவல் நிலையத்துக்கு அனுமதி மனுவோடு போவது. சாதியைப் பேசும் நாடகத்துக்கு அந்த மனுவில் யார் கையெழுத்து இருக்கிறதோ, நாளைக்குப் பிரச்சினை வந்தால் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஆபத்தில் முதல் ஆள், பட்ஜெட்டில் கடைசி ஆள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜருக்கு 8,000 ரூபாய் என்று பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒத்திகை 25 நாள், பயணம் 2 நாள், காட்சி 3 நாள். மொத்தம் 30 நாள். ஒரு நாளைக்கு 267 ரூபாய்கூட வரவில்லை. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். ஏரிக்கரையில் நம் அம்மாக்களுக்கு அறிவித்த கூலியைவிடக் குறைவாக, எம்.ஏ. படித்த பிள்ளை ராத்திரி ஒரு மணி வரை நின்று வேலை செய்கிறது. பேசிய 8,000 முழுதாக வந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும்.

கைக்காசு போகிற கதை இதைவிட மோசம். "இப்போதைக்கு நீ போட்டுடு, அப்புறம் செட்டில் பண்ணிக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தில் டீ, ஆட்டோ, துணி, ஆணி, பேட்டரி எல்லாம் ஸ்டேஜ் மேனேஜரின் ஜிபேயில் போய்விடும். கம்மாபுரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பாண்டிச்சேரி போய் நாடகம் படித்த ஒரு தங்கையை எனக்குத் தெரியும். ஒரு நிகழ்ச்சிக்காக அவள் போட்ட பணம் அவள் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். நிகழ்ச்சி நடத்தியது முற்போக்கு பேசுகிற ஓர் அமைப்பு. பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் குழுத் தவணையை அம்மா நடவுக் கூலியில் கட்டினார். மேடையில் பெண் விடுதலை பேசப்பட்டது. அதற்கான வட்டியை ஒரு தலித் பெண் சேற்றில் நின்று கட்டினார்.

கேட்டால் என்ன சொல்வார்கள்? "கலைக்குக் கூலி பேசலாமா? இது சேவை." இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த பெரிய மனிதர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை அது. அவரே வக்கீல், பிறகு நீதிபதி. தமிழ் நாடகத்துக்கு அவர் செய்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூலி வாங்காமல் நடிப்பது கௌரவம் என்ற எண்ணம் இப்படிப்பட்ட சபைகளில்தான் வேர் பிடித்தது. அதே காலத்தில் ஊர் ஊராய்ப் போய் நாடகம் போட்டுப் பிழைத்த கம்பெனி நடிகருக்குக் கிடைத்த பெயர் கூத்தாடி. கோர்ட்டில் சம்பாதித்துவிட்டு மேடைக்கு வந்தவருக்குக் கூலி தேவைப்படவில்லை. மேடையையே நம்பியவருக்குத் தேவைப்பட்டது, அதனாலேயே அவர் கேவலமானார். வீடும் நிலமும் இருக்கிறவர்களின் அந்தக் கௌரவத்தை, ஒரு சென்ட் நிலமில்லாத நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நமக்கு இலவச உழைப்பு புதிதல்ல. இழவுக்குப் பறையடி, செத்த மாட்டை இழு, சேதி சொல்லப் போ என்று ஊர் நம்மை வேலை வாங்கியது. கூலி கேட்டால் "இது உன் கடமை, உன் பாத்தியதை" என்றது. கிடைத்தது மிச்சச் சோறும் கொஞ்சம் நெல்லும். இனிமேல் அடிக்க மாட்டோம் என்று நம் சேரிகள் எழுந்து நின்றதற்கு அடி வாங்கின, ஊர்விலக்கு வாங்கின. பறை பிறகு விடுதலைக் கலையாக நம் கைக்குத் திரும்பி வந்தது. அந்தப் பறையை மேடைக்குத் தூக்கி வருகிறவருக்கு நாமே மறுபடியும் கூலி தராமல் இருந்தால், திரும்பி வந்தது கலையா, பழைய ஊழியமா?

பாபாசாகேப் இதைப் பற்றி நமக்குச் சொல்லாமல் விடவில்லை. பம்பாய் மாகாணத்தில் மகர்களுக்கு வத்தன் என்ற பரம்பரை ஊழியம் இருந்தது. அரசாங்கம் கூப்பிட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொருவர் போக வேண்டும். கைக்கு வந்தது அற்பத் தொகையும் ஊர்க்காரர்கள் அளக்கும் தானியமும். இதற்கு அடிப்படையாக இருந்த 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். வேலை என்றால் அளவு வேண்டும், அந்த அளவுக்குக் கூலி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்த ஊழியத்தை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. முப்பது ஆண்டுப் போராட்டம் அது. அவர் பெயரில் நடக்கும் விழாவிலேயே ஒரு பிள்ளையை அளவில்லாத நேரத்துக்கு, எழுதாத கூலிக்கு நிறுத்தி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா?

அரசுத் திட்டங்களும் இந்த உழைப்பைப் பார்ப்பதில்லை. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் நாடகக் குழுக்களுக்கு மாதந்தோறும் தரும் உதவித் திட்டத்தின் பெயரே குரு-சிஷ்ய பரம்பரை. முழு நேரமாக நாடகம் செய்கிறவரும் அந்தப் படிவத்தில் சிஷ்யர்தான். தொழிலாளி என்ற சொல் வந்தால் உரிமை என்ற சொல்லும் வந்துவிடுமே! தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைந்தது, நல்ல காரியம். ஆனால் மேடைக்குப் பின்னால் நிற்பவர் நாட்டுப்புறக் கலைஞர் என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒரு சீசனே அழிந்தபோது, வாரியப் பட்டியலில் பெயர் இருந்தவருக்குத்தான் முதலில் நிவாரணம் வந்தது. பட்டியலில் இல்லாதவர் பசியிலும் கணக்கில் வரவில்லை.

உலகத்தில் இதை மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1913இல் நடிகர்கள் ஈக்விட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாரக்கணக்கில் கூலியில்லாத ஒத்திகை அவர்களின் பெரிய குறைகளில் ஒன்று. 1919இல் வேலைநிறுத்தம் செய்து நியூயார்க் நாடக அரங்குகளை ஒரு மாத காலம் முடக்கினார்கள். முதலாளிகள் இறங்கி வந்து ஒப்பந்தம் போட்டார்கள். இன்று அந்தச் சங்கத்தில் நடிகர்களோடு ஸ்டேஜ் மேனேஜர்களும் உறுப்பினர்கள். அவர்களுக்கும் கலை மேல் காதல் இருந்தது. காதலைச் சொல்லிக் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும், வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில காரியங்கள்.

வாயால் பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். எத்தனை நாள் ஒத்திகை, எத்தனை காட்சி, எவ்வளவு தொகை, என்றைக்குத் தருவார்கள், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு. ஐந்து வரி போதும். "நம்பிக்கை இல்லையா தோழர்?" என்று கேட்பார்கள். "நம்பிக்கை இருக்கு, மறதியும் இருக்கு" என்று சொல்லுங்கள்.

தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒத்திகை தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் காட்சிக்கு முன்னால் ஒரு பங்கு, கடைசிக் காட்சி முடிந்த அன்றைக்கே மூன்றாவது. மேடையைப் பிரித்த பிறகு கடனைக் கேட்டு அலைவது ஒத்திகையைவிட நீண்ட வேலை.

நிகழ்ச்சிச் செலவுக்கு உங்கள் காசைப் போடாதீர்கள். செலவுப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, தனியே வைத்து, பில்லோடு கணக்குக் கொடுங்கள். கணக்குச் சுத்தமாக இருக்கும் பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அந்தச் சுத்தத்துக்காகவே அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்கள்.

வருமானம் ஒழுங்காக வராது. மாசியிலிருந்து ஆடி வரை ஓட்டம், ஐப்பசி கார்த்திகை மழையில் வெறுங்கை. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வரும் என்றால் உங்கள் மாதச் சம்பளம் 10,000தான். சித்திரையில் 25,000 வந்தாலும் 10,000 எடுத்துக்கொண்டு மீதியை வேறொரு கணக்கில் போடுங்கள். அது சேமிப்பு அல்ல, கார்த்திகை மாதச் சம்பளம். வீட்டில் கேட்டால் இதையே சொல்லிப் புரியவையுங்கள். வெள்ளாமைக் காசை வருஷம் முழுக்க நீட்டிப் பழகிய வீடுகள்தானே நம்முடையவை.

பான் அட்டை எடுங்கள். நிறுவனங்கள் உங்கள் தொகையில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து என்று வரி பிடிப்பார்கள், பான் இல்லையென்றால் இருபது பிடிப்பார்கள். பிடித்தது உங்கள் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள். அது உங்கள் கூலி.

விளக்குக் கட்ட ஏணியில் ஏறுகிறவர் நீங்கள். பிரதமர் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தால் போதும். இ-ஷ்ரமில் அமைப்புசாராத் தொழிலாளியாகப் பதியுங்கள். நாட்டுப்புறக் கலை ஏதாவது கையில் இருந்தால் வாரியத்திலும் பதியுங்கள். தொகை சிறியதுதான். ஆனால் அடுத்த முறை பட்டியல் எடுக்கும்போது பெயர் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் நீங்கள் எழுதிய குறிப்புப் புத்தகம், பொருள் பட்டியல், அட்டவணை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று கேளுங்கள். நாளைக்கு இசை நிகழ்ச்சி, கண்காட்சி, சினிமா எங்கே போனாலும் அதுதான் உங்கள் சான்றிதழ். கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' தொடங்கிக் கொடுத்த தலித் அரங்கம் வளர வேண்டுமென்றால், அதைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் தங்க வேண்டும். சாப்பிட முடியாத தொழிலில் யாரும் தங்க மாட்டார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். பிறகு நம் கதையையும் அவர்கள்தான் மேடையேற்றுவார்கள்.

இப்போது நிகழ்ச்சி நடத்தும் தோழர்களுக்கு. "எங்களிடம் பணமில்லை" என்பது சில இடங்களில் உண்மை. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு விழா எடுக்கும் தெருப் பிள்ளைகளிடம், நிதி வாங்கி நடத்தும் நிறுவனத்திடம் கேட்கும் தொகையை யாரும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு முறை இருக்கிறது. நம் நோட்டீஸில் "ஒலி ஒளி உபயம்", "அன்னதானம் உபயம்" என்று கடைக்காரர் பெயரைப் போடுகிறோம். ஸ்டேஜ் மேனேஜர் முழுத் தொகைக்கு பில் எழுதட்டும். அதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்தத் தொகையை அவர் தந்த நன்கொடை என்று வரவில் எழுதுங்கள், நோட்டீஸில் பெயரைப் போடுங்கள். ஐயாயிரம் தந்த கடைக்காரர் உபயதாரர் என்றால், முப்பது நாள் கூலியைத் தந்தவர் யார்? கொடுத்தால் நன்கொடை. கேட்காமல் எடுத்துக்கொண்டால் அது ஊழியம்.

நெய்வேலியில் ஒரே சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வேலையை இரண்டு சம்பளத்துக்குச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விருத்தாசலம் பீங்கான் சூளையில் நிற்பவரிடம் "இது கலை, சும்மா செய்" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். வெளியே கூலி கேட்டுக் கொடி பிடிக்கும் கை, உள்ளே கூலி கொடுக்கத் தயங்கக் கூடாது.

அடுத்த விழாவுக்குப் பட்ஜெட் எழுதும்போது முதல் வரியில் பிளக்ஸ் வேண்டாம். மேடை வேலை செய்பவர்களின் கூலியை எழுதுங்கள். மீதியில் பிளக்ஸ் சின்னதாக வந்தால் பரவாயில்லை. பாபாசாகேப் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜெய்பீம்!