மகளின் தமிழுக்கு ஒரு மானிட்டர்

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு நாள் வரும் ஆசை எனக்கும் வந்தது: இரண்டாவது மானிட்டர். ஒரு பக்கம் நிரலும் மறுபக்கம் மெயிலும் திறந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்! தங்கமணியிடம் சொன்னேன். "ரெண்டு கண்ணுக்கு ரெண்டு டிவியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் கணினி என்ன மாடல் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு மானிட்டர் என்றால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆகவேண்டும் என்றார். மானிட்டர் விலையைவிட கார்டு விலை அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

நாங்கள் இருப்பது மைசூர் அக்ரஹாரத்தில். பெயர்தான் அக்ரஹாரம். இன்று எல்லாரும் கலந்து வசிக்கும் பேட்டை, அரண்மனையிலிருந்து நடக்கிற தூரம். எங்களுடையது பழைய ஓட்டு வீடு, பரண் உண்டு. அந்தப் பரணில்தான் ஊரிலிருந்து கும்பகோணம் சாமான்களோடு வந்த 19 இஞ்ச் எல்சிடி மானிட்டர் பழைய வேட்டி சுற்றிக் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தேன். கணினிப் பெட்டியை இழுத்து, ஒட்டடை தட்டி, முதன்முறையாக அதன் முதுகைப் பார்த்தேன். ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு நீல நிற விஜிஏ. என் மானிட்டர் எச்டிஎம்ஐயில் இருந்தது. மற்ற இரண்டும் வாங்கிய நாள் முதல் சும்மாவே இருந்திருக்கின்றன! பழைய விஜிஏ கேபிளை மாட்டினேன். பத்து நிமிஷத்தில் இரண்டு திரை. செலவு பூஜ்யம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இன்டெல் கணினிகளில் 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை பிராசசர் முதலே, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் மூன்று திரைகளைத் தாங்கும். மதர்போர்டில் அத்தனை வாய்கள் இருந்தால் போதும். விதிவிலக்கு உண்டு. பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரைக்கும் பெரும்பாலும் 'ஜி' என்று முடிந்தால்தான் உண்டு. 2022-ல் வந்த 7000 வரிசையில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. ஏற்கெனவே தனி கார்டு போட்டிருந்தால் இரண்டு மானிட்டரையும் அந்தக் கார்டிலேயே மாட்டுங்கள். கார்டு வந்ததும் மதர்போர்டின் வாய்கள் பல கணினிகளில் தூங்கிவிடும். பயாஸில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

சரி, பெருமை போதும். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

இரண்டு திரையோடு இரண்டு வாரம் ராஜா மாதிரி வேலை பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை காலை, ஹாலின் மூலையில் என் மகள் என் போனை வைத்துக்கொண்டு ஆன்லைன் தமிழ் வகுப்பில் இருந்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "என்னம்மா?" என்றேன். "மிஸ் எழுதறது தெரியலப்பா. புக்கைத் திறந்தா மிஸ் போயிடறா. மிஸ்ஸைத் திறந்தா புக் போயிடுது."

சுருக்கென்றது. என் மெயிலுக்கு ஒரு திரை, என் நிரலுக்கு ஒரு திரை. அவள் தமிழுக்கு உள்ளங்கை அகல போன்.

வெளியூர்க் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கன்னடம் படித்தாக வேண்டும், 2015-ல் சட்டமே வந்தது. நல்லதுதான். சோறு போடும் ஊரின் மொழி தெரியத்தான் வேண்டும். என் மகள் கடைப் பெயர்ப்பலகைகளைக் கன்னடத்தில் கடகடவென்று படிப்பாள். ஆனால் லீவுக்கு ஊருக்குப் போய் கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கினால், போர்டில் தமிழைத் தாண்டி ஆங்கிலத்தைப் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறோம், காது பிழைத்துக்கொள்ளும். எழுத்துக்கு இந்தச் சனிக்கிழமை வகுப்பைத் தவிர எங்களுக்கு வேறு வாசல் இல்லை. துபாயிலோ டல்லாஸிலோ இருக்கும் உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே சட்டம் போட்டேன். சனிக்கிழமை காலை மேஜை அவளுடையது. பெரிய திரையில் மிஸ். 19 இஞ்ச் திரையில் புத்தகம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் தளத்திலும் பாடங்கள் உண்டு. அந்தப் பழைய மானிட்டர் அகலம் குறைந்த, கிட்டத்தட்ட சதுரமான ஜாதி. சினிமா பார்க்க லாயக்கில்லை. பாடநூலின் ஒரு பக்கத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. இப்போது மிஸ்ஸும் போவதில்லை, புக்கும் போவதில்லை. நோட்டில் எழுதக் கை இரண்டும் சும்மா இருக்கின்றன.

"ஒரே பெரிய மானிட்டராக வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமே?" என்று கேட்பீர்கள். அலுவலக வேலைக்குச் சரி. வகுப்பில் மிஸ் தன் திரையைப் பகிர்ந்த அடுத்த நொடி அது முழுத் திரையையும் விழுங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதைச் சுருக்கி ஓரம் தள்ள ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. தனியாக ஒரு மானிட்டர் இருந்தால் அதை யாரும் விழுங்க முடியாது.

"இன்னொரு திரை வைத்தால் அதில் யூட்யூப் ஓடுமே?" இது நியாயமான பயம். எங்கள் வீட்டு விதி: சின்னத் திரையில் புத்தகம் மட்டும். விதியை அதிகம் மீறுவது யார் என்று தங்கமணியைக் கேட்காதீர்கள் :-)

மூன்றாவது மானிட்டர்? நெற்றிக்கண் இருப்பவர்களுக்கு மட்டும். திரை கூடினால் வேலை வேகம் கூடும் என்று அடிக்கடி காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று, 2003-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் செய்தது. அதில் கூட்டாளிகள் மானிட்டர் விற்கும் என்இசி-மிட்சுபிஷியும் கிராபிக்ஸ் கார்டு விற்கும் ஏடிஐயும். அதற்காக ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. பர்ஸைத் திறக்கும்முன் யார் சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, நான் அடிபட்டுக் கற்ற சில:

ஒன்று. ஸ்ப்ளிட்டர் வாங்காதீர்கள். ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் அந்தப் பெட்டி, இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். கடைக்குப் போகும்முன் இதில்தான் காசு விட்டேன்.

இரண்டு. மாற்றிக்குத் திசை உண்டு. விஜிஏ 1987-ம் வருடத்து அனலாக் சமாசாரம், எச்டிஎம்ஐ டிஜிட்டல். கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ மட்டும் என்றால் உள்ளே சில்லு இருக்கும் மாற்றி வேண்டும். சில நூறு ரூபாய்தான். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் பெரும்பாலும் சாதா கேபிளே போதும். அதையே திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

மூன்று. மாட்டியதும் இரண்டிலும் ஒரே படம் வந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் பொத்தானோடு 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மேஜையில் எது இடது, எது வலது என்று அதே மாதிரி இழுத்து வையுங்கள். இல்லையென்றால் மவுஸ் எதிர்ப்பக்கம் ஓடும்.

நான்கு. அதிகம் பார்க்கும் திரை முகத்துக்கு நேராக இருக்கட்டும். மற்றது கொஞ்சம் சாய்வாக, இரண்டின் மேல் விளிம்பும் ஒரே உயரத்தில். பிள்ளை உட்கார்ந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள். கழுத்து வாழ்நாளுக்கும் ஒன்றுதான்.

ஐந்து. பழைய டியூப் ஒளி மானிட்டர் புது எல்இடியைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். யூபிஎஸ் சின்னது என்றால் அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கரண்ட் போனால் புத்தகம் மறையும், மிஸ் இருப்பார்.

பழசு என்று நான் சொல்வது தட்டையான எல்சிடியை. பரணில் குண்டு சிஆர்டி இருந்தால் அதை மாட்டவும் வேண்டாம், காயலான் கடையில் போடவும் வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

என் கட்சி இதுதான். இரண்டாவது திரை ஆடம்பரம் இல்லை. பல வீடுகளில் அதற்கான வாய் கணினியின் முதுகில் ஏற்கெனவே இருக்கிறது, மானிட்டர் பரணிலோ நண்பர் வீட்டு மூலையிலோ இருக்கிறது. ஆனால் அதை மாட்டும்போது, வீட்டில் யாருக்கு அது அதிகம் தேவை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மகள் அந்தச் சின்னத் திரையில் பாட்டியின் பெயரை நோட்பேடில் அடித்தாள். 'ஞானாம்பாள்'. 'ஞா' எங்கே இருக்கிறது என்று தேட மூன்று நிமிஷம் ஆனது. அடித்து முடிக்கும்வரை மெயில் பார்க்க நான் நாற்காலியைக் கேட்கவில்லை.